அரை இஞ்ச் சாக்கெட்டும் அப்பாவின் விரலும்

போன வாரம் மோட்டார் ரூமை ஒதுக்கும்போது, பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த சாக்குப்பையிலிருந்து அப்பாவின் பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் ஒன்று உருண்டு வந்தது. மேலே ‘½ டபிள்யூ’ என்று பொறித்திருந்தது. தம்பி மகன் அளந்து பார்த்துவிட்டு, “பெரியப்பா, அரை இஞ்ச்னா 12.7 மில்லிதானே? இது 23க்கு மேல இருக்கே, தப்பா அடிச்சுட்டாங்களா?” என்றான்.

தப்பில்லைங்க. அந்த ‘டபிள்யூ’, விட்வொர்த். ஒரு பட்டறையில் கடைந்த நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாத காலத்தில், 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைக்குப் பொது அளவு சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி. ஒவ்வொரு தடிமனுக்கும் இஞ்சுக்கு இத்தனை மரை என்று கணக்கு. அந்த முறையில் ஸ்பேனர் மேல் இருக்கும் எண் போல்ட்டின் தடிமன். நட்டின் அகலம் இல்லை. அரை இஞ்ச் போல்ட்டின் நட்டு 0.920 இஞ்ச், அதாவது 23.4 மில்லி அகலம்.

இது நம்ம ஊருக்கு வந்தது ஆயில் இன்ஜினோடு. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனி செய்த மெதுவாக ஓடும் டீசல் இன்ஜினைப் பார்த்து, ராஜ்கோட் பட்டறைகளில் அதே மாதிரி செய்தார்கள். எங்க கிணத்து மேட்டில் தாத்தா வைத்திருந்ததும் அந்த ரகம்தான். போல்ட்டெல்லாம் விட்வொர்த்.

1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக அமலானது. நட்டுகள் மாறின. எங்க வீட்டு ஸ்பேனர் மாறவில்லை.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். கைப்பிடி மாட்டும் சதுர ஓட்டையின் நாலு பக்கமும் சின்னச் சின்னக் குழி. அது தேய்மானம் இல்லை. கைப்பிடியிலுள்ள குண்டு உட்கார்ந்து பிடிக்கும் இடம். நட்டு உட்காரும் பக்கம் ஆறு மூலையும் புதுசு மாதிரி இருக்க, மூலைக்குப் பக்கத்தில் மட்டும் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. சின்ன நட்டு உள்ளே கொஞ்சம் சுழன்று, தன் முனையால் பக்கச் சுவரில் முட்டிய தடம் அது. கழற்றும் திசையில் தடம் ஆழம். துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

ஒரே ஒரு சுவரில் மட்டும் மேலிருந்து கீழாகச் சீரான புள்ளிகள். ரொம்ப நேரம் பிடிபடவில்லை. பக்கத்தில் கிடந்த உடைந்த ஆக்ஸா பிளேடை உள்ளே வைத்துப் பார்த்தேன். ஒரு பல் விட்டு ஒரு பல், புள்ளியில் அப்படியே உட்கார்ந்தது.

கலப்பையில் இருப்பது 22 மில்லி நட்டு. இடைவெளி 1.4 மில்லி. அதை அடைக்கத்தான் பிளேடுத் துண்டு!

அப்பாவின் வலது கை நடுவிரல் முட்டி கடைசிவரை கோணலாகத்தான் இருந்தது. கேட்டால் “ஸ்பேனர் சறுக்கிருச்சு” என்பார். வேறொன்றும் சொன்னதில்லை. சரியான சாக்கெட் ஒன்று வாங்க அன்று கையில் காசு இருந்திருக்காது.

சாக்குப்பையிலிருந்து அதை எடுத்து வைத்துவிட்டேன், வேலைக்கு இல்லை. தம்பி மகனிடம் 22 மில்லி சாக்கெட் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.