தோட்டத் தொழிலாளர் காத்த தமிழ்

பல்கலைக்கழகங்களில் மொழித்துறைகளை மூட முனைவோர் கூறும் காரணம் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே: மாணவர் குறைவு, செலவு மிகுதி. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் புகையை அன்றாடம் காணும் நம் ஊர்களிலும், பிள்ளை தமிழிலக்கியம் படிக்க விரும்பினால், எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்பதே வீட்டின் முதற்கேள்வி. அதை நாம் இகழ்வதற்கில்லை. கூலியை எண்ணி வாழும் குடும்பம் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆயினும், அதே நிலையிலிருந்த மக்கள் ஒரு தமிழ்த்துறைக்காகத் தம் கூலியையே ஈந்த வரலாறும் உண்டு.

1949-ல் சிங்கப்பூரில் உருவான மலாயாப் பல்கலைக்கழகம் இந்தியவியல் துறை ஒன்றை அமைக்க எண்ணிற்று. ஆலோசனை கூற அழைக்கப்பெற்றவர் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி. சமஸ்கிருதமே அத்துறையின் முதன்மை மொழியாக வேண்டுமென அவர் பரிந்துரைத்தார். மலாயா இந்தியருள் பெரும்பாலோரோ தமிழர். இரப்பர்த் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்தோர். தமிழ்க் கல்வெட்டுகளை நுணுகி ஆய்ந்து சோழர் வரலாற்றை எழுதிய அப்பேரறிஞரே இவ்வாறு கூறியது நமக்கு இன்றும் வியப்பே.

'தமிழ் முரசு' இதழை 1935-ல் தொடங்கிய கோ. சாரங்கபாணி இதனை எதிர்த்தெழுந்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பெற்றது. வணிகரும் ஆசிரியரும் மட்டுமல்லர், தோட்டத் தொழிலாளரும் அதற்கு ஈந்தனர். அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப்பள்ளிகளில் பெரும்பாலானவை தொடக்கக் கல்வியோடு நின்றவை. பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தம் வீட்டார் மிதிப்பர் என்ற உறுதி அவர்க்கு இல்லை. இருந்தும் கொடுத்தனர். அத்தொகை பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்களாயிற்று. 1956-ல் துறை தமிழோடு தொடங்கிற்று. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது.

1961-ல் அதன் தலைமையை ஏற்றவர் அருட்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் பிறந்த அடிகளார் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய நாளிலேதான் தமிழை ஆழ்ந்து கற்கத் தலைப்பட்டார் என்பது குருத்துவ மாணவர்களும் அறியத்தக்க செய்தி. 1964-ல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 ஏப்ரலில் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடவும் அவரே முன்னின்றார். மாநாட்டைத் தன் இல்லத்தில் நடத்துவதற்கு அங்கே ஒரு துறை இருந்தது. தொழிலாளரின் நிதி வீணாகவில்லை. இரண்டாம் மாநாடு 1968-ல் சென்னைக்கு வந்த கதையை வாசகர் அறிவர்.

செருமனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கியது 1963-ல். தமிழ்ப் பேரகராதியைக் கணினி வழியே உலகெங்கும் தேடிப் பார்க்கச் செய்தவர்கள் அங்கிருந்தோரே. அப்பிரிவு மூடப்படும் நிலைக்கு வந்தபோது புலம்பெயர்ந்த தமிழர் நிதி திரட்டினர். 2021-ல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் வழங்கிற்று. அதற்குச் சற்று முன்னரே, 2018-க்குள், ஹார்வர்டில் புதிய தமிழ் இருக்கைக்கென 60 இலட்சம் டாலர் திரண்டிருந்தது. தமிழக அரசு மட்டுமே 10 கோடி ரூபாய் தந்தது. புதிய இருக்கையை நாம் குறை கூறவில்லை. ஆனால் பெயர்பெற்ற இடத்திற்குக் கை தாராளமாய் நீள்வதும், அரை நூற்றாண்டாய் அமைதியில் உழைத்த பிரிவு மூடுகதவின்முன் நின்ற பிறகே நம் நினைவுக்கு வருவதும் நம்மை உறுத்துகின்றன. சாரங்கபாணியின் தலைமுறை துறை பிறக்குமுன்பே விழித்திருந்தது.