மழையில் மலையேற்றமும் தாழ்வெப்பநிலையும்

காஷ்மீரின் சோனாமார்க்கிலிருந்து விஷன்சர், கட்சர், கங்காபல் முதலிய ஏரிகள் வழியாக நாராநாக் வரை செல்லும் மலைப்பாதையில், கோடை மாதங்களில்தான் பெரும்பாலோர் நடக்கின்றனர். அதன் உயர்ந்த கணவாய் 4,000 மீட்டருக்கும் மேலானது. பனி உருகிய பருவம் என்பதால் குளிரைப் பற்றிப் பலர் அஞ்சுவதில்லை. ஆயினும், உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் தாழ்வெப்பநிலை ஏற்பட உறைபனி தேவையில்லை. 10 டிகிரி குளிரும், நனைந்த ஆடையும், காற்றும், களைப்பும் ஒன்றுசேர்ந்தால் போதும்.

நடக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. நின்றதும் அது குறைந்துவிடும். எனவே கணவாயில் இளைப்பாறும் நேரமும் முகாமை அடைந்த முதல் அரைமணி நேரமும் மிகுந்த கவனத்திற்குரியவை. முகாமை அடைந்தவுடன், தேநீருக்கு முன்பே, ஈர ஆடையை மாற்றுங்கள். பருத்தி ஆடை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையே ஏற்றது. உறங்குவதற்கான ஓர் உடையை நீர்புகாப் பையில் தனியே வையுங்கள்.

அறிகுறிகள்

முதலில் நடுக்கம் தோன்றும். பின்னர் விரல்கள் பொத்தானைப் போட மறுக்கும், பேச்சு குழறும், நடை தடுமாறும். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் இதனை உணரமாட்டார், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். ஆகவே உடன் செல்பவரே கவனிக்க வேண்டும். குளிரில் இருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுதல் அன்று. நிலை மோசமாவதன் அடையாளம்.

உயரமான இடங்களில் தடுமாற்றமும் குழப்பமும் மூளை வீக்கத்தாலும் ஏற்படலாம். ஐயம் இருப்பின் வெப்பம் அளிப்பதுடன், தாழ்வான இடத்திற்கு இறக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

முதலுதவி

காற்றும் மழையும் படாத இடத்திற்குக் கொண்டு சென்று ஈர உடைகளைக் களையுங்கள். தரைக்குளிர் ஏறாதவாறு அடியில் விரிப்பு இட்டு, உறக்கப்பையில் படுக்க வையுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் தரலாம். மது தரக்கூடாது. கைகால்களைத் தேய்ப்பதும், நெருப்பருகே உட்காரவைப்பதும் கூடாது. நடுக்கம் நின்றவரை நடக்க வைக்காமல், அசைவின்றிக் கிடத்தியே தூக்கிச் செல்லுங்கள். முரட்டு அசைவு இதயத்துடிப்பைச் சீர்குலைக்கும். மயங்கியவரின் நாடி மிக மெதுவாக இருக்கக்கூடும். மூச்சையும் நாடியையும் ஒரு நிமிடம் வரை பாருங்கள். இல்லையெனில் மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள்.

நோயாளிகள் கவனத்திற்கு

இன்சுலின் செலுத்திக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் இதே நடுக்கமும் குழப்பமும் தோன்றும். சர்க்கரை அளவை உடனே சோதியுங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது. அதையும் சோதனைக் கருவியையும் உடலோடு ஒட்டி வையுங்கள். தைராய்டு குறைபாடு, இதயநோய் உள்ளோரும் தூக்க மருந்து உட்கொள்வோரும் புறப்படுமுன் மருத்துவரை அணுக வேண்டும்.

அவசர உதவி எண் 112. மலைப்பாதைகளில் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது என்பதால், நோயாளியை இறக்கும் வழியையும் அருகிலுள்ள மருத்துவ நிலையத்தையும் வழிகாட்டியிடம் முன்னரே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.