மாவுப்பைத் துணியில் எழுதிய பெயர்கள்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மூன்று வாரங்கள் சென்று, மார்ச் 8ஆம் நாள், ஏறத்தாழ 400 பெண்களும் பிள்ளைகளும் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைச்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் நடந்தே சென்றனர். 1936இல் 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில், சுவருக்கு அப்பால் குடிமக்களான ஆடவர் ஆயிரக்கணக்கில் அடைபட்டிருந்தனர். படைவீரர்களோ அருகிலிருந்த பாசறைகளில் கிடந்தனர். கணவன் உயிரோடு இருக்கின்றானா என மனைவி அறியாள். மனைவியின் நிலையைக் கணவனும் அறியான். கடிதம் எழுதத் தடை இருந்தது.

இந்நிலையில் கனடாவைச் சேர்ந்த எத்தல் முல்வேனி என்னும் அம்மையார் ஒரு வழி கண்டார். பாசறை மருத்துவமனையிலுள்ள காயமுற்றோருக்குப் போர்வைகள் தைத்தளிக்க இசைவு கேட்டார். கோதுமை மாவுப் பைகளும் பழைய படுக்கை விரிப்புகளும் ஆறு அங்குலச் சதுரங்களாக வெட்டப்பட்டன. ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரத்தை ஏற்று, தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூத்தையலில் அமைத்துத் தன் பெயரையும் தைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நூல் கடையிலா கிடைக்கும்? கிழிந்த ஆடைகளிலிருந்து உருவி எடுத்தனர். பூத்தையலில் பழகாத கைகளும் அவர்களுள் இருந்தன. கோணிய தையல்கள் அதனைக் காட்டிக் கொடுக்கின்றன. பதினேழு வயது ஷீலா ஆலன் ஆஸ்திரேலிய நாட்டின் வடிவத்தைத் தைத்தார். வேறு சிலர் தம் சிறையறையையே தைத்தனர். போர்வைக்கு 66 சதுரங்கள். ஓரங்கள் சிவப்பு நூலால் இணைக்கப்பட்டன. போர்வை எனப் பெயர் பெற்றாலும், உயிரோடிருப்போரின் பெயர்ப்பட்டியலே அது.

பிரித்தானியருக்கும் ஆஸ்திரேலியருக்குமாக இரண்டு தைத்தவர்கள், மூன்றாவதைக் காயமுற்ற சப்பானிய வீரருக்கென்றே தைத்தனர். அதில் சப்பானிய ஆண்டாகிய 2602 பொறிக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள சதுரங்கள் பெரும்பாலும் பூக்களே. காவலரின் ஐயத்தைத் தணிக்கும் சூழ்ச்சியே அது என்பாருண்டு. துன்புற்றோர் யாவர் மாட்டும் கொண்ட இரக்கம் என்பாரும் உண்டு. பசித்த வயிற்றோடு பெண்கள் ஊசி பிடித்த வேலையில் இரண்டும் கலந்திருந்தன எனக் கொள்வதே பொருந்தும்.

அச்சிறையிலேயே சாரணச் சிறுமியர், தம் தலைவி எலிசபெத் என்னிசின் பிறந்தநாள் பரிசாக, அறுகோணத் துண்டுகளை ஒட்டி வேறொரு போர்வை தைத்தனர். அதிலும் அவர்தம் பெயர்கள் உள்ளன.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு மற்றொன்று நினைவில் எழாதிராது. அதே ஆக்கிரமிப்புக் காலத்தில், மலாயாத் தோட்டங்களினின்று சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரின் பெயர்கள் தாளிலும் இல்லை, துணியிலும் இல்லை. வரலாறு எழுதப் புகுவோர்க்கு ஒரு மாவுப்பையின் அருமை அங்கே விளங்கும்.

சாங்கிப் போர்வைகள் போருக்குத் தப்பின. சிறுமியர் தைத்தது இலண்டனில் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரித்தானியருக்கெனத் தைத்தது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. ஏனைய இரண்டும் கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. நூல் வெளுத்திருப்பினும் பெயர்களைப் படிக்க முடிகிறது.