மேற்கே ஓடிய பயம்

கறாரான அப்பாவையோ, யாருக்கும் அடங்காத கில்லாடியையோ "அவன் பெரிய எம்டன்பா" என்று சொல்வதைக் கேட்காத சென்னைக்காரர்கள் குறைவு. ஏதோ எமனுக்குச் சொந்தக்கார வார்த்தை போலத் தெரியும். ஆனால் எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்! 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஆரம்பித்த படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆகிவிட்டது. பயம் ஒரு ஊரை எப்படி ஆட்டி வைக்கும் என்று பார்க்க இந்தக் கப்பலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வசதி.

1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு சுமார் ஒன்பதரை மணி. துறைமுகத்தில் விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. இருட்டில் வந்து நின்ற எம்டன், அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் வளாகத்தில் விழுந்தது. அதற்கான கல்வெட்டு அங்கே இருக்கிறது. இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மறுநாளிலிருந்து மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலடிக்கு ஓடினார்கள். வங்கக் கடலில் சரக்குக் கப்பல்கள் நின்றன, இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு வேண்டியதும் இதுதான். ஆங்கிலேயரின் வியாபாரம் கலங்க வேண்டும், அவர்களுடைய கௌரவம் குறைய வேண்டும். ஊரைப் பிடிக்க அவர் வரவே இல்லை. நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகள் அருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்துவிட்டது. கப்பல் போனது, வார்த்தை தங்கிவிட்டது.

கடல் கிழக்கே இருக்கிற ஊரில் ஓடுவதற்கு மேற்கை விட்டால் வேறு வழி ஏது? ஒன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை. இன்னொன்று அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகிற ரயில் பாதை. 1856-ல் ராயபுரத்திலிருந்து போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது.

1942-ல் நடந்ததோடு ஒப்பிட்டால் 1914 ஒன்றுமே இல்லை. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மாவில் சம்பாதித்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்த தமிழர்கள், குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் ஜப்பான் விமானங்கள். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

ஆனால் பயத்தைப் பீதியாக்கியது அரசாங்கம். ஊரில் அவசியமாக இருக்க வேண்டாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவிப்பு வந்தது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குக் கிளம்பின, ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. துரைமார்களே கட்டிக்கொண்டு கிளம்பும்போது மற்றவர்கள் நிற்பார்களா? ஏழே முக்கால் லட்சம் பேர் இருந்த ஊரிலிருந்து லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படியானால் வாங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள்தானே! ஒருவன் பயம் இன்னொருவனுக்கு முதலீடு. போக ஊரும், ரயில் சத்தத்துக்குக் காசும் இல்லாதவர்கள் மட்டும் அங்கேயே கிடந்தார்கள்.

இதில் ரொம்பப் பாவம் 'உயிர்க் காலேஜ்' மிருகங்கள். பூங்காநகரில் இருந்த மிருகக்காட்சி சாலையை ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சிங்கம், புலி எல்லாவற்றையும் போலீசை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். எதிரி வரவே இல்லை. ஜப்பான் கப்பல்படை ஏப்ரல் 9-ல் திருகோணமலையைத் தாக்கிவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலையும் மூழ்கடித்துவிட்டுக் கிழக்கே திரும்பிவிட்டது. 1942-ல் சென்னையில் சுடப்பட்ட குண்டுகள் கூண்டுக்குள் இருந்த மிருகங்களின் மேல்தான் பாய்ந்தன.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் விமானம் ஒன்று நிஜமாகவே சென்னைக்கு வந்தது. 1943 அக்டோபரில் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் அதிகமில்லை. ஆனால் 1942 போல ஊர் காலியாகவில்லை. அந்த மாதம் பெருமழையில் கூவம் பெருகி ஊர் வெள்ளக்காடாக இருந்தது. கண் முன்னால் நின்ற கஷ்டம் அது. குண்டு விழாதபோது ஓடிய ஊர், விழுந்தபோது அசையவில்லை. ஆபத்து எவ்வளவு என்பதைவிட, யார் முதலில் ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் தாண்டிப் போன ஆவடியும் அதே போரில் பெரிய ராணுவக் கிடங்காகி, 1961-ல் டாங்க் தொழிற்சாலைக்கும் இடம் கொடுத்தது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது எந்த எச்சரிக்கையும் இல்லை. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-ந் தேதி, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. கடற்கரைக் குப்பங்களில் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மறுபடி மேற்கே. அந்த எச்சரிக்கைக்கு ஆதாரமில்லை என்று அரசுத் தரப்பிலிருந்தே மறுப்பு வந்தது. அலை வரவில்லை. ஓடியவர்களில் பலர் அன்றிரவு திரும்பிப் போகவும் இல்லை.