சோழமண்டலக் கடலில் இடமறியும் கருவிகள்

சோழமண்டலக் கரையின் சிறு பாய்மரக் கலங்களில் இரவில் இடமறிய உதவியது ராப்பலகை. காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850இல் அதை விவரித்து எழுதினார். சிறு மரத்துண்டு, அதில் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள், ஒவ்வொன்றும் ஒரு துறைமுகத்துக்கு. உரிய முடிச்சைப் பல்லில் கவ்வி, கயிறு விறைக்கப் பலகையை நீட்டிப் பிடிப்பார்கள். கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொட்டால், கலம் அந்தத் துறையின் அட்சரேகைக்கு வந்துவிட்டது. அரபு மாலுமிகளின் கமாலும் இதே வகைதான்.

துருவமீனின் உயரம் ஏறத்தாழ அட்சரேகைக்குச் சமம்: நாகப்பட்டினத்தில் 11 பாகை, சென்னையில் 13. தீர்க்கரேகையைப் பலகை காட்டாது. இந்தக் கரைக்கு அது பெரிய குறையல்ல. கரை பெரும்பாலும் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அட்சரேகை பொருந்தியதும் மேற்கே திரும்பினால் துறை எதிர்ப்படும். தெற்கே போகப் போக மீன் தாழ்ந்து, அடிவான மங்கலில் மறைவதுதான் உண்மையான தொல்லை.

பகலில் கரை அடையாளங்களே போதும். பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதற்கு வடக்கே மாமல்லபுரம். அதன் கோபுரங்களைக் கடலிலிருந்து பார்த்துப் பழகிய ஐரோப்பியர் அவ்வூரை ‘ஏழு பகோடா’ என்றே அழைத்தனர். மீனவர்கள் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்தி, வேறு திசையில் இன்னொரு ஜோடியையும் சேர்த்து, கடலடிப் பாறைத்திட்டான பாரைத் தவறாமல் கண்டுபிடித்தனர்.

2000 மே மாதத்தில் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்திய பிழையை அமெரிக்கா நீக்கியது. ஏறக்குறைய 100 மீட்டராக இருந்த பிழை இருபதுக்குள் சுருங்கியது. கையடக்கக் கருவி பார் இருக்கும் இடத்தை எண்களாகச் சேமித்தது. பாக் நீரிணையில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லை தண்ணீரில் தெரிவதில்லை. அதைத் திரையில்தான் பார்க்க முடியும்.

ஆனால் தன் இடம் தனக்குத் தெரிவது வேறு, கரைக்குத் தெரிவது வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தொலைகடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. வி.எச்.எஃப். வானொலி அவ்வளவு தூரம் போகாது. 2019இல் வந்த ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்றுக் கைபேசிக்குத் தரும், பதில் அனுப்பாது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம் ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்துவது. அதன்மூலம் படகும் கரையும் இருவழியிலும் செய்தி பரிமாறலாம்.