வெள்ளகவி: தலைவாசல் புறவாசலான வரலாறு

பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில், பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே அமைந்த வெள்ளகவி, அண்மைக்காலம் வரை வண்டிச் சாலை எட்டாத ஊர் என்பதாலேயே வெளியுலகில் பேசப்பட்டு வந்துள்ளது. கால்நடையாக ஏறி வந்து அதைப் பார்த்தவர்கள் காலம் தீண்டாத கிராமம் என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. பழைய ஆவணங்களோ இதற்கு நேர்மாறானதொரு செய்தியைத் தருகின்றன. கொடைக்கானல் என்னும் நகரம் உருவாவதற்கு முன்பே குடியும் நிர்வாகமும் வேளாண்மையும் கொண்டு விளங்கிய ஊர் வெள்ளகவி. அதன் ஒதுக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை வேறு பக்கமாகத் திரும்பியதால் வந்து சேர்ந்தது.

இம்மலையில் மனிதர் வாழ்ந்த தடம் மிகப் பழையது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவியரான ஆங்லேட், நியூட்டன் இருவரும் பழனி மலையின் கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து அமைத்த ஈமச் சின்னங்களை, ஆராய்ந்து 1928இல் தொல்லியல் துறை வழியாக ஒரு நூல் வெளியிட்டனர். அவற்றை எழுப்பியவர்களுக்கும் இன்றைய குடிகளுக்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிறுவ வழியில்லை. காட்டுப்பொருள் சேகரித்து வாழ்ந்த பளியரும், அவர்களுக்கு அடுத்துப் புலையரும் மலையின் பழங்குடியினராகக் கருதப்படுகின்றனர். உழுகுடிகளான குன்னுவர், தாராபுரம், காங்கயம் பக்கத்துச் சமவெளியிலிருந்து பஞ்சத்துக்கோ போருக்கோ அஞ்சிச் சில நூற்றாண்டுகளுக்கு முன் மேலேறி வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக் கதை. வந்தவர்கள் நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள, முன்பிருந்த புலையர் அந்நிலத்திலேயே பண்ணையாட்களாயினர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகள் எழுதியுள்ளனர். மலைக் கிராமங்களைச் சமத்துவம் நிலவிய சிற்றுலகங்களாகக் காட்டும் எழுத்துகள் இந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிச் செல்வதுண்டு.

குன்னுவர் ஊர்களின் தலைவர் மன்னாடி எனப்பட்டார். நிலத் தகராறு, திருவிழா, முறைகேடு ஆகியவற்றில் இறுதிச் சொல் அவருடையதாயிருந்தது. சரிவை வெட்டிக் கல் அடுக்கிச் சமன்செய்த படிவயல்களில் ஓடைநீரைத் திருப்பி நெல் பயிரிடுவது இம்மலை வேளாண்மையின் அடிப்படையாக இருந்தது. ஒரு படி வயலை உண்டாக்கப் பல தலைமுறை உழைப்புத் தேவைப்பட்டதால் அது கைமாறாமல் காப்பதில் குடும்பங்கள் மிகுந்த கவனம் செலுத்தின. ஆண் வாரிசு இல்லாத வீட்டின் மகளை வீட்டின் ஒரு பகுதிக்கே மணமுடித்து, அவள் வழியில் நிலத்தை அக்குடும்பத்திலேயே நிறுத்திய ஒரு வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி நெல்சனும் பின்னர் இனவரைவியலாளர் தர்ஸ்டனும் குறிப்பிடுகின்றனர். அவர்கள் அதை விந்தையாகக் கண்டு எழுதினர்; வயலின் மதிப்பை அறிந்தவர்க்கு அதன் கணக்கு எளிதில் விளங்கும்.

விளைநிலத்தை வீணாக்க இயலாத காரணத்தால் வீடுகள் சரிவில் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக எழுந்தன. வெள்ளகவியில் இந்த நெருக்கத்துக்கிடையே கோயில்களும் பீடங்களும் பெரும் எண்ணிக்கையில் அமைந்திருப்பதால் வீடு எங்கே முடிகிறது, கோயில் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காண்பது கடினம். ஊர் முழுவதையும் கோயில் வளாகமாகவே கருதுவதால், எல்லைக்குள் எவரும் செருப்பணிந்து நடப்பதில்லை. வெளியூரிலிருந்து திரும்பும் ஊர்க்காரரும், விருந்தினரும், அரசு அலுவலரும் எல்லையிலேயே காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கின்றனர். அட்டையும் கூர்ங்கல்லும் நிறைந்த பாதையில் செருப்போடு ஏறிவந்து, ஊருக்குள் மட்டும் வெறுங்காலோடு நடப்பது இவ்வழக்கத்தின் தனித்தன்மை.

1821இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்னும் நில அளவையாளர் இம்மலையை அளக்க வந்தபோது, குன்னுவர்களின் தலைமையிடமாக அறியப்பட்ட வெள்ளகவியிலிருந்தே மேலேறி, இன்று கொடைக்கானல் ஏரி உள்ள பள்ளத்தாக்கை அடைந்தார். நல்ல தட்பவெப்பமும், ஒழுங்கான ஊர்களும், ஏறத்தாழ 4,000 மக்களும் மலையில் இருப்பதாக அவர் அறிக்கை அளித்தார். வெற்றிடத்தை வெள்ளையர் கண்டுபிடித்தனர் என்ற கதைக்கு இவ்வறிக்கையே மறுப்பாகிறது. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரை இழந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் பங்களாக்கள் கட்டினர். 1863இல் மதுரை கலெக்டர் வேரே லெவிஞ்ச் ஓடைக்குக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார்.

புதிய நகரத்துக்கான வழி அப்போதும் பெரியகுளம் பக்கத்திலேயே தொடர்ந்தது. 1875இல் ரயில் அம்மையநாயக்கனூரை எட்டியபின், அங்கே இறங்கும் பயணிகள் மாட்டுவண்டியில் இரவு முழுவதும் பயணம் செய்து, மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்தனர். அங்கிருந்து செண்பகனூர் வரை வெட்டப்பட்டிருந்த குதிரைப்பாதையில் நடந்தும், மட்டக்குதிரையில் அமர்ந்தும், மூங்கிலில் கட்டிய நாற்காலியில் கூலியாட்கள் தோளேற்றிச் சுமக்கவும் மேலே சென்றனர். மூட்டை முடிச்சுகள், மேசை நாற்காலிகள், பியானோ உட்பட எல்லாமே மனிதர் முதுகிலும் தலையிலும் ஏறின. தெற்குச் சரிவு இவ்வாறு மலையின் தலைவாசலாக விளங்கிய அந்த ஆண்டுகளில், வெள்ளகவி வழியேறும் பாதையும் உயிர்ப்போடு இருந்தது.

1916இல் போக்குவரத்துக்கு வந்த, பொறியாளர் லா பெயரால் வழங்கும் மலைச்சாலை இந்த அமைப்பை முற்றிலும் மாற்றியது. வத்தலக்குண்டிலிருந்து கிழக்குச் சரிவில் வளைந்தேறிய அச்சாலையில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியதும், குதிரைப்பாதை தன் வேலையை இழந்தது. சாலை தொட்ட பெருமாள்மலை போன்ற ஊர்களில் கடையும் சந்தையும் பெருகின. தெற்குச் சரிவு புறவாசலாயிற்று. வெள்ளகவி அங்கே தங்கிப்போயிற்று.

தங்கிப்போன ஊரின் பொருளாதாரம் குதிரையைச் சுற்றி அமைந்தது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, பிற்காலத்தில் பட்டர் ஃப்ரூட் என்று இங்கு விளைபவை யாவும், முதுகின் இருபுறமும் எடை சமமாகத் தொங்கும்படி கட்டப்பட்ட சாக்குகளில் பெரியகுளம் பக்கம் இறங்கின. ஒரு பக்கம் சற்றுக் கனத்தாலும் குறுகிய வளைவில் குதிரை சாய்ந்துவிடும் என்பதால், சுமை கட்டுவதே தனித்திறனாகக் கருதப்பட்டது. திரும்பும் வழியில் அதே சாக்குகளில் அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏறின. விளைபொருளின் விலையில் ஒரு பங்கைக் குதிரைக் கூலி விழுங்கியதால், அழுகும் பழத்தைவிடக் காய்ந்த காப்பிக்கொட்டையும் மிளகும் இச்சரிவுக்கு ஏற்ற பயிர்களாயின. கடும் நோயுற்றோரையும் பேறுகால வலி கண்ட பெண்களையும் டோலியில், அதாவது கம்பில் துணியைத் தொட்டிலாகக் கட்டி, ஊரார் முறைவைத்துச் சுமந்தனர். பியானோ ஏறிய மலையில் மருத்துவர் ஏறவில்லை என்பது கசப்பான உண்மை.

நிர்வாக எல்லைகள் இத்துன்பத்துக்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டன. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானல் வட்டத்தோடு வெள்ளகவி சேர்ந்தது. அதன் சந்தையான பெரியகுளம் 1990களில் உருவான தேனி மாவட்டத்துக்குள் போயிற்று. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் மலையேறிக் கொடைக்கானலுக்கும், உப்புக்கும் எண்ணெய்க்கும் மலையிறங்கிப் பெரியகுளத்துக்கும் செல்ல வேண்டிய நிலை இதனால் நிலைபெற்றது. சாலைக்கான கோரிக்கை வனத்துறையின் அனுமதியைச் சார்ந்ததாகவே இருந்து வந்தது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், சுற்றியுள்ள காட்டில் மண்ணை வெட்டுவதற்கான விதிகள் மேலும் இறுகின. சாலை வராததால், தேர்தல்தோறும் வாக்குப்பதிவுக் கருவிகளும், காப்பி மூட்டை இறங்கிய அதே குதிரைகளின் முதுகிலேயே இவ்வூருக்கு வந்து சேர்ந்தன.