சாலையில் எழுதிய வரலாறு

வரலாற்றைச் சாலையாகவே அமைத்த முயற்சியொன்று ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் உளது. கொலோனியல் பார்க்வே எனப்படும் அவ்வழியின் நீளம் 23 மைல். 1607 இல் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்ரவுண், 1699 முதல் 1780 வரை தலைநகராயிருந்த வில்லியம்ஸ்பேர்க், 1781 இல் கோண்வாலிஸின் படை வாஷிங்டனிடம் சரணடைந்த யோக்ரவுண் ஆகிய மூன்றையும் அது இணைக்கின்றது. (பின்னர் மைசூரில் திப்புவை வென்றவனும் இக்கோண்வாலிஸே.) 1931 இல் தொடங்கிய வேலை, இரண்டாம் உலகப் போரினால் தடைப்பட்டு, ஜேம்ஸ்ரவுணின் 350ஆம் ஆண்டு நிறைவான 1957 இலேயே முற்றுப்பெற்றது.

நிகழ்காலத்தை மறைத்தலே அமைத்தோரின் நோக்கம். கொங்கிறீற்றின் மேற்பரப்பிற் கூழாங்கற்கள் வெளித்தெரிய விடப்பட்டன. பாலங்களுக்குச் செங்கல் முகப்பு இடப்பட்டது. விளம்பரப் பலகைகளுக்கு இடமில்லை. சாலை நடுவே கோடுதானும் வரையப்படவில்லை. வில்லியம்ஸ்பேர்க்கை அடைந்ததும் சாலை சுரங்கத்துட் புகுந்துவிடும். மீட்டமைக்கப்பட்ட பழைய நகரின் அமைதியை மோட்டார் வண்டிகள் குலைத்தலாகாது என்பதே காரணம். இவ்வேற்பாட்டை வியவாதிருத்தல் அரிது.

ஆயின் மறைந்தது நிகழ்காலம் மட்டுமன்று. அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்த பௌஹற்றன் மக்களும், 1619 முதல் கொணரப்பட்ட ஆபிரிக்கரும் இம்மூன்று ஊர்க் கதையின் ஓரத்திலேயே நெடுங்காலம் நிறுத்தப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பகுதியின் புகையிலை நிலங்களில் உழைத்தவர் பெரும்பாலும் அவ்வாபிரிக்கரின் வழிவந்த அடிமைகளே.